எல்லைப்புறத்து நாவல்கள்

சிட்லபாக்கத்தில் நான் வீடு கட்டிக்கொண்டு குடிவந்தது 1972-ல். அப்போது எங்கள் ஜில்லா செங்கற்பட்டு. கலெக்டர் கச்சேரி மட்டும் காஞ்சிபுரத்தில் இருந்தது. நடுவில் சில வருஷங்கள் ஜில்லாவின் பெயரோடு ஒரு தலைவரின் பெயரும் சேர்ந்து வழங்கிற்று. 1997-ல் நாங்கள் காஞ்சிபுரம் ஜில்லாக்காரர்கள் ஆனோம். 2019-ல் மறுபடியும் செங்கற்பட்டுக்காரர்கள். 2021-ல் எங்கள் பேரூராட்சியையும் சுற்றுப்புறத்து நகராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்றார்கள். இத்தனைக்கும் வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. வாசலில் நான் நட்ட வேப்பங்கன்று மரமாகிக் காய்த்துக் கொட்டுகிறது. எந்த ஜில்லாவில் நிற்கிறோம் என்று அதற்குக் கவலை கிடையாது. எனக்கும் கடிதத் தாள் புதிதாக அச்சடித்த செலவைத் தவிர வேறு நஷ்டமில்லை.

பாஷை மாறாமல் எல்லை மாறினால் சங்கதி இவ்வளவுதான். பாஷையும் எல்லையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற ஊர்களில் அப்படியில்லை. அந்த ஊர்களைப் பற்றி எழுதப்பட்ட சில நாவல்களைக் குறித்துச் சொல்ல எனக்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது. கடன் ஏற்பட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் புஸ்தகம் படித்துப் பேசுகிற ஒரு சிறு வட்டம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். 2014-ல் நடந்த ஒரு கூட்டத்தில் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். 1968-ல் வந்த நாவல். க. நா. சுப்ரமண்யம் அதை உயர்வாக மதித்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். 2010-ல் 'மகிழ்ச்சி' என்ற பெயரில் சினிமாவாகக்கூட வந்தது. நான் தமிழில் ஆரம்பித்து, நாற்பது பக்கத்துக்கு மேல் போக முடியாமல் க. நா. சு.வின் இங்கிலீஷில் படித்து முடித்தவன். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "இதை யாராவது தமிழிலும் மொழிபெயர்த்தால் தேவலை" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு கிடைத்த பேச்சாளன் அத்தோடு நிறுத்துவானா? பாதி மலையாளம், கால் தமிழ், மீதி கால் என்னவென்று ஆசிரியரைத்தான் கேட்கவேண்டும் என்று மேலும் ஏதோ சொன்னேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

டீச்சர் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெற்கே எங்கேயோ என்பதற்கு மேல் அவருடைய ஊரைப் பற்றி நான் விசாரித்ததில்லை. அவருடைய தமிழும் எங்கள் தமிழைப்போலத்தான் இருக்கும். மறுநாள் காலையில் 'தலைமுறைகள்' புஸ்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "ஸார், நீங்க நிறுத்தின எடம் எது?" என்று கேட்டார். நாற்பதாம் பக்கத்தைக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக நான் கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. பேச்சு ஏறி இறங்கும் இடங்கள் வேறு. கேள்வி முடிகிற இடம் வேறு. அச்சில் என் கண்ணைத் தடுக்கிய வாக்கியங்கள் ஒன்றுகூடக் காதில் தடுக்கவில்லை. உண்ணாமலை ஆச்சி எங்கள் திண்ணைக்கே வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும். இருபது பக்கம் படித்தார். நடுவில் நான் அர்த்தம் கேட்டது மூன்று வார்த்தைக்குத்தான்.

டீச்சர் பிறந்தது 1944-ல், கல்குளம் தாலுகாவில், தக்கலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில். அப்போது அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. அப்பா கையில் புழங்கிய காசு சக்கரமும் பணமும். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். வருஷத்தைக் கொல்லம் ஆண்டில் எண்ணினார்கள். 1949 ஜூலையில் கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் ஆயிற்று. 1956 நவம்பர் 1-ந் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாகிச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. 1969 ஜனவரியில் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண்ணுக்கு நாலு விலாசம். அத்தனையும் ஒரே வீட்டில்.

இணைப்பு நாளைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பெரிய ஊர்வலத்தை வர்ணிக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். "ஸ்கூல்ல மிட்டாய் குடுத்தாவ ஸார். பிறவு மலையாளம் ஸார் வரல்ல" என்றார். அந்த வாத்தியார் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மனிதர். கேரளத்திலேயே உத்தியோகம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து வருஷம் மலையாளத்தில் பாடம் படித்திருந்த பெண், வீட்டில் பேசுகிற பாஷையில் எழுதுவதற்குப் புதிதாகக் கையைப் பழக்கிக்கொண்டாள். அப்பா வைத்திருந்த வயலின் ஆதாரம் மலையாள எழுத்தில் இருந்தது. பின்னால் அதை விற்க நேர்ந்தபோது படித்துச் சொல்லக்கூடிய ஆள் குடும்பத்தில் டீச்சர் ஒருவர்தான். தாம்பரத்தில் ரயிலேறிப் போய், வாங்குகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லைகளை உரக்க வாசித்துவிட்டு வந்தாராம்.

எல்லை மாறியதன் சரித்திரம் வாசகர்கள் அறிந்ததே. 1953-ல் அமைத்த ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955-ல் அறிக்கை கொடுத்தது. தெற்கே இந்த நாலு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் தமிழர் பக்கம் விடச் சொல்லிற்று. தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கே என்றது. அதற்கு முந்தி மார்ஷல் நேசமணி முதலியவர்கள் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிப் பிரயோகமும், செத்துப்போனவர்களும் உண்டு. வடக்கே 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. தெலுங்கு பேசுகிற கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. இதையெல்லாம் சரித்திரப் புஸ்தகத்தில் படித்துக்கொள்ளலாம். என் கேள்வி நாவலைப் பற்றியது. இப்படிப்பட்ட பூமியிலிருந்து தமிழுக்கு முதல் தரமான நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. அவற்றில் எல்லை எங்கே இருக்கிறது?

பாத்திரங்கள் கொடி பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் தேடினால் ஏமாந்துபோவோம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-ல் வந்தது. ஆசிரியை திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் பேராசிரியை. கதை நடப்பது பனைவிளை என்கிற கிராமத்தில், பழைய பெருமை மட்டும் மிச்சமிருக்கிற ஒரு கிறிஸ்தவ வீட்டில். லிஸி என்ற சிறுமி வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜுவின்மேல் அவளுக்குப் பிரியம். எந்தக் கமிஷனும் வரையாத எல்லை ஒன்று அவளுடைய வீட்டு வாசற்படியில் இருக்கிறது. எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்பது லிஸிக்கு என்ன பெரிய விஷயம்? ஆசிரியை இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. லிஸி ஜன்னல் பக்கத்தில் நிற்கிறாள்; அவ்வளவுதான் தெரிகிறது. கண்ணப்பச்சி பேசுகிற தமிழோ விளவங்கோட்டுப் பக்கத்து வீடுகளில் பேசுகிற தமிழ். விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தமிழில் சின்ன நாவல்களுக்குள் இதற்கு ஈடாகச் சொல்ல நாலைந்துதான் தேறும் என்பது என் அபிப்பிராயம்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) வேறு மாதிரி. ஆசிரியர் நாகர்கோவில்காரர், முதலில் மலையாளம் படித்து, பிறகு வளர்ந்த வயதில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டவர். தகழியின் 'செம்மீ'னைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இந்த நாவலின் முன்பாதி தாமோதர ஆசான் என்ற கிழவரின் வாயில் இருக்கிறது. மகாராஜா வந்ததும், அந்த வருகையினால் மரத்தைச் சுற்றியிருந்த குளம் தூர்ந்ததும் ஆசான் சொல்கிற கதைகளாக வருகின்றன. கேட்கிற பையன்களுக்கு அது முழு உண்மையா பாதி உண்மையா என்று தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. ஓர் அரசாட்சி ஊரை விட்டுப் போகிறபோது கச்சேரிகளை முதலில் காலி பண்ணுகிறது, நாணயம் அப்புறம் போகிறது, கடைசியில் ஒரு கிழவரின் வாயில் சில காலம் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ஆசான் ஒருநாள் காணாமற்போகிறார். அதன்பின் நாவலில் தோப்பை வெட்டிப் பூங்கா வைக்கிறார்கள், முனிசிபல் தேர்தல் வருகிறது, பத்திரிகை வருகிறது, மரம் சாகிறது. ஆசான் போன பிறகு நாவல் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகிவிடுகிறது என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் ராஜா காலத்திலிருந்து தேர்தல் காலத்துக்கு ஓர் ஊர் நகர்வதை இவ்வளவு லேசாக, இவ்வளவு சிரிக்கச் சிரிக்க யாரும் சொன்னதில்லை.

இந்த நாவலைச் சென்னை வாசகர்கள் உடனே ஏற்றுக்கொண்டோம். ஏன்? சம்பாஷணையில் நாகர்கோவில் வாசனை இருந்தாலும், ஆசிரியர் தம் குரலில் கதை சொல்லும்போது நாம் பத்திரிகைகளில் படித்துப் பழகிய தமிழில் சொல்கிறார். நம்மைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார். நீல. பத்மநாபன் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. இரணியலில் வசிக்கிற ஏழூர்ச் செட்டிகளின் வீட்டுக்குள் நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் பேசுகிறபடி பேசவிடுகிறார். கதை சொல்கிற குரலும் திரவி என்கிற பையனின் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவனுடைய சகோதரி நாகுவை, அவள் பெண்ணே அல்ல என்று அபாண்டம் சொல்லிப் புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சமூகம் அந்தச் சொல்லை நம்புகிறது. அதை எதிர்த்துத் திரவி என்ன செய்கிறான் என்பதுதான் நாவல். சடங்குகளின் வர்ணனை சில இடங்களில் அளவுக்கு மீறுகிறது. ஒரு கல்யாணம் முடிவதற்குள் நமக்கே பந்தியில் உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது. இது உண்மையான குறைதான். பாஷை புரியவில்லை என்பது என்னுடைய குறை. அதை ஆசிரியரின் கணக்கில் நான் எழுதிவைத்தேன்.

இந்தக் குடும்பங்கள் தங்கள் மூதாதையர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவை. ஆச்சி சொல்கிற கதைகள் அந்தப் பழைய பயணத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. சோழ நாட்டிலிருந்து சேர நாட்டுக்கு வந்து பல தலைமுறை ஆன பிறகும் வந்தவர்கள் என்ற நினைப்பு போகாதவர்களுக்கு, 1956-ல் யாரோ வந்து 'நீங்கள் இன்றுமுதல் தமிழர் ராஜ்யத்தில் சேர்ந்தீர்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? டீச்சர் வீட்டில் மிட்டாயைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தார்களாம்.

டீச்சர் சொல்லி நான் எழுதிவைத்துக்கொண்ட வார்த்தைகளில் சில: ஞாபகத்துக்கு 'ஓர்மை', சொல்வதற்குப் 'பறைதல்', பலாப்பழத்துக்குச் 'சக்கை', மரவள்ளிக்கு 'மரச்சீனி', குடிக்கிற தண்ணீருக்கு 'வெள்ளம்'. இவற்றில் பலவற்றை மலையாளம் என்று நான் தள்ளியிருந்தேன். அகராதியைப் புரட்டினால் ஓர்தலும் பறைதலும் தமிழ் என்றே போட்டிருக்கிறது. நாம் கைவிட்ட சாமான்களை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து 'இது யாருடையது?' என்று நாம் கேட்கிறோம். டீச்சர் வேலையில் சேர்ந்து தாம்பரம் வந்த புதிதில், வகுப்பில் ஒரு பையனிடம் "கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்றாராம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றோடு அந்த வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிட்டார். வீட்டிலும் பிள்ளைகளிடம் 'தண்ணி' என்றே சொல்லிப் பழகிக்கொண்டார். நாற்பது வருஷம் கழித்து, 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, எங்கள் தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஏறியபோது, மாடிப்படியில் நின்றுகொண்டு, "ஸார், இப்பம் உங்க வெள்ளமும் எங்க வெள்ளமும் ஒண்ணாயிட்டு" என்று சிரித்தார். அவர் தம் ஊர்ப் பேச்சில் தெருவறியப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மொட்டை மாடியில் அவர் ஏன் சிரிக்கவில்லை என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. 1956-ல் கமிஷன்காரர்கள் எல்லையைக் களியக்காவிளைக்கு அப்பால் தள்ளிவைத்தார்கள். வாசகர்களாகிய நாம் அதை இழுத்துக்கொண்டு வந்து நம்முடைய புஸ்தக அலமாரியில் வைத்துக்கொண்டோம். தஞ்சாவூர் அக்ரஹாரத்துப் பேச்சை எழுதினால் அது நாவல். இரணியல் செட்டித் தெருவின் பேச்சை எழுதினால் வட்டார நாவல். புஸ்தகத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள் போடு என்கிறோம். மோகமுள் போன்ற ஒரு நாவலுக்குப் பின்னால் கும்பகோணத்துச் சொற்களுக்கு அர்த்தம் போடு என்று நாகர்கோவில்காரர் யாராவது கேட்டதுண்டா? அவர்கள் நம்முடைய பேச்சைக் கற்றுக்கொண்டு நம்மைப் படித்தார்கள்.

இதே கேள்வியை இன்னொரு தேசத்து நாவல் எனக்குத் தெளிவாக்கியது. கிறிஸ்தவக் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஆடாம் போடோர் என்ற ஹங்கேரிய ஆசிரியரின் 'ஸினிஸ்ட்ரா' நாவலின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். முதல் யுத்தத்துக்குப் பிறகு 1920-ல் ட்ரியானோன் உடன்படிக்கை ஹங்கேரியின் பூமியில் மூன்றில் இரண்டு பங்கை அயல் ராஜ்யங்களுக்குக் கொடுத்துவிட்டது. ஹங்கேரிய பாஷை பேசுகிற முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தபடியே அயல்நாட்டார் ஆனார்கள். முங்காச் என்ற ஊர்க்காரனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தில் பிறந்து, செக்கோஸ்லோவாகியாவில் பள்ளிக்கூடம் போய், ஹங்கேரியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு, சோவியத் யூனியனில் உழைத்து, உக்ரைனில் பென்ஷன் வாங்கினானாம், ஊரை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. செல்மென்ட்ஸ் என்ற கிராமத்தை இரண்டாம் யுத்த முடிவில் இரண்டாக வெட்டி நடுவில் வேலி போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லப் பாட்டுப் பாடுகிறாற்போல் வேலிக்கு இப்பால் நின்று பாடுவார்களாம். அங்கே நடந்து போக வழி திறந்தது 2005-ல். களியக்காவிளையில் நமக்கு வேலி கிடையாது. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் ராஜ்யம் மாறிவிடுகிறது. நாம் அதிர்ஷ்டசாலிகள்.

போடோர் பிறந்தது 1936-ல், கொலோஷ்வார் நகரத்தில். பிறந்தபோது அது ருமேனியாவில் இருந்தது. அவருடைய நாலாவது வயதில் ஹங்கேரிக்குப் போயிற்று. யுத்தம் முடிந்ததும் மறுபடி ருமேனியா. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அவர் பெரிய தேசபக்த நாவல் எழுதியிருக்கலாம். 1992-ல் அவர் எழுதியதோ, எந்த நாடென்று சொல்லாத ஒரு மலையோர எல்லை ஜில்லாவின் கதை. அங்கே வந்து சேருகிறவனிடமிருந்து பழைய பெயரைப் பிடுங்கிக்கொண்டு, புதுப் பெயர் பொறித்த தகட்டைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். பாத்திரங்களின் பெயர்களோ, பாதி ஒரு பாஷை, பாதி இன்னொரு பாஷை. எல்லையைப் பற்றி ஒரு பிரசங்கமும் இல்லை. பெயர்களை உச்சரிக்கும்போதே எல்லை நாக்கில் இடறுகிறது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு தகட்டுக்குமேல் ஒரு தகடாக மாட்டிக்கொண்ட டீச்சரின் நாலு விலாசங்கள் ஞாபகம் வந்தன. வகுப்பில் அவருடைய 'வெள்ளத்'தைப் பிடுங்கிக்கொண்டு 'தண்ணி'யை மாட்டிவிட்டவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல. பத்து வயதுக் குழந்தைகள். அவர்களை அப்படி வளர்த்தவர்கள் நாங்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட தமிழையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. ஆ. மாதவன் திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர். 'கடைத்தெருக் கதை'களில் அவர் எழுதிய சுமைகூலிகளும் போக்கிரிகளும் எந்த ராஜ்யத்தில் சேரவேண்டும் என்று விண்ணப்பம் போடுகிறவர்கள் அல்ல. மூட்டை வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. தோப்பில் முகம்மது மீரானும் மலையாளம் படித்து வளர்ந்தவர்தான். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் வந்தது. அதில் ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை முதலாளி எதிர்க்கிறார். எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைவிட வருகிறதா இல்லையா என்பதே அந்த ஊரின் ஜீவாதாரப் பிரச்னை. அரபும் மலையாளமும் கலந்த அந்தத் தமிழை நான் இங்கிலீஷில் படிக்கவில்லை. தமிழிலேயே, உரக்கப் படித்தேன்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. டீச்சரோடு பழகிய உற்சாகத்தில் நானே எல்லைப் போராட்டத்தைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். மார்த்தாண்டத்துக்கும் புதுக்கடைக்கும் போய் வயதானவர்களைப் பார்த்தேன். 1954-ல் ஆரம்பித்து இணைப்பு நாளில் முடிகிற மாதிரி திட்டம். கதாநாயகன் வக்கீல் குமாஸ்தா. நல்லவன், மிக நல்லவன். இருநூறு பக்கம் ஓடிற்று. ஊர்வலம் வந்தது, தடியடி வந்தது, துப்பாக்கி வந்தது, நானே எழுதிவிட்டு நானே கண்கலங்கினேன். கையெழுத்துப் பிரதியை டீச்சரிடம் கொடுத்தேன். நாலு நாள் வைத்திருந்து, மேலே ஒரு செய்தித்தாள் அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நல்லா உழைச்சிருக்கீங்க ஸார். ஆனா இதுல ஒருத்தரும் வெள்ளம் குடிக்கல்லியே?" என்றார்.

திரும்பப் படித்துப் பார்த்தேன். ஊர்வலத்தில் போகிறவர்களுக்குத் தாகமெடுக்கிறது. ஒரு வீட்டில் பானையிலிருந்து மொண்டு கொடுக்கிறார்கள். எல்லோரும் 'தண்ணீர்' வாங்கிக் குடிக்கிறார்கள். இருநூறு பக்கத்திலும் என் பாத்திரங்கள் சிட்லபாக்கத்துத் தமிழில் பேசிக்கொண்டு, தமிழுக்காக உயிரை விட்டார்கள். வார்த்தையை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். டீச்சர் பதில் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் வழி தப்பாயிருக்கும்போது விடையை மட்டும் திருத்துகிற பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அந்தப் பிரதி டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. மேலே சொன்ன நாவல்கள் ஏன் துப்பாக்கிச் சத்தத்தை நடுவில் வைக்காமல் விட்டன என்ற என் பழைய மனக்குறை அதோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். செத்தவர்கள் செத்தவர்கள்தான், அவர்களுக்கு ஒரு நல்ல நாவல் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அதை எழுதப்போகிறவர் அந்த வீடுகளில் வெள்ளம் குடித்து வளர்ந்தவராக இருக்கவேண்டும். அல்லது என்னைவிடப் பொறுமையாகக் காது கொடுத்தவராகவாவது இருக்கவேண்டும்.

மொட்டை மாடியில் 'தலைமுறைகள்' பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்ள மறுபடி ஒரு கூட்டம் போடச் சொல்லிக் கேட்டேன். போட்டார்கள். நான் ஐந்து நிமிஷம் பேசினேன். டீச்சர் ஒரு மணி நேரம் படித்தார். நாகுவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடத்தில் அடையாற்றுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அர்த்தம் தெரியாத வார்த்தைக்குக் கை தூக்கச் சொல்லியிருந்தோம். முதல் பத்து நிமிஷம் நிறையக் கைகள் எழும்பின, அப்புறம் மறந்துவிட்டார்கள்.

புதிதாக இந்த நாவல்களுக்குள் போகிறவர்கள் 'புத்தம் வீட்'டில் தொடங்கலாம். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். பிறகு புளியமரம். 'தலைமுறைக'ளைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுப் படிக்கவேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ஏதாவது நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும். டீச்சர் சென்ற வருஷம் மகளோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். போகும்போது அவருடைய பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓரங்களில் பென்சிலால் குறிப்பு இருக்கிறது. பாதி தமிழில், பாதி மலையாள எழுத்தில். கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். பதினைந்து நாளில் திருப்பித் தரவேண்டும்.